முன்பக்கம் திறந்த படகு

தேயிலைத் தோட்டத்து லயங்களில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த வீட்டு வரிசைகளில், பிறந்து வளர்ந்து, இப்போது பத்திரிகை வாசிக்கக் கண்ணாடியைத் தேடுகிற வயதுக்கு வந்துவிட்ட உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். என் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் படகு இருந்தது.

பதுளை டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறுகிற பாதையை உங்களுக்குத் தெரியும். எங்கே திரும்பினாலும் தேயிலை. ஓடைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளிப்பதற்கே வரிசையில் நிற்க வேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்த்தவர்கள் எங்கள் லயத்தில் இரண்டு பேரோ மூன்று பேரோதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குடும்பம் படகு வாங்கியது. அதுவும் சும்மா வாங்கவில்லை. ஒரே மாதிரி இரண்டு படகுகளை வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கியது.

எல்லாம் அத்தையால் வந்தது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அம்மா மலைக்குப் போகும்போது என்னைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போன காலத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், நான் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது திரும்பி வந்தாள். முப்பது தாண்டியிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. அவள் வந்த அன்று எங்கள் காம்பராவில் நிற்க இடமில்லை. பெரிய பெட்டி திறந்ததும் வந்த அந்த வாசனை இப்போதும் எனக்குத் தெரியும். சவர்க்காரமும் ஏலக்காயும் புதுத் துணியும் கலந்த வாசனை. புலிப் படம் போட்ட கம்பளி ஒன்று, இரண்டு பக்கமும் கெசட் போடுகிற ரேடியோ ஒன்று, ஆரஞ்சுப் பவுடர் போத்தல்கள், எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், மழை நாளில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து, அதை அன்றைக்கே தொலைத்தேன்.

வந்தவர்கள் எல்லாரும் அத்தையிடம் கேள்வி கேட்டார்கள். ஒட்டகம் பார்த்தாயா, அங்கே மழை பெய்யுமா, தங்கம் என்ன விலை, அரபிக்காரர்கள் சோற்றுக்கு என்ன கறி வைப்பார்கள். அத்தை எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அவள் கொண்டுவந்த சம்பாத்தியத்தில் என்ன செய்வாள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. டவுனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணி வாங்குவாள், பிறகு கல்யாணம். அப்பாவின் மனதில் வேறொரு கணக்கு இருந்தது. அவர் தோட்டத்தின் கொழுந்து லொறி ஓட்டுபவர். தங்கையின் பெயரில் ஒரு வேன் எடுத்து, பதுளை ஸ்டேண்டில் விட்டு ஓட்டலாம் என்று நினைத்திருந்தார்.

இதை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டியும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக எடுத்தார்.

"வேன் நல்லதுதாண்ணே," என்றாள் அத்தை. "ஆனா நான் ஒரு மோட்டார் போட்டு வாங்கப் போறேன்."

அப்பா ரொட்டியைத் தட்டில் வைத்தார். "எதுல ஓட்டப் போற? பீலிக்கானுலயா?"

"மகியங்கனப் பக்கம் ஒரு கொளம் இருக்குல்ல. விகாரைக்கு வர்ற சனம் எல்லாம் அங்கதான் வந்து சமைச்சுச் சாப்புடுது. போட்டுல ஏத்திச் சுத்திக் காட்டுனா வருவாங்க. நான் வெசாரிச்சுட்டேன். அங்க ஒரு மொதலாளிகிட்ட ரெண்டு போட்டு இருக்காம். ஒண்ணக் குடுக்குறாராம்."

அவள் எப்போது விசாரித்தாள், யாரிடம் விசாரித்தாள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா வேனைப் பற்றி ஒரு வாரம் பேசினார். அத்தை ஒவ்வொரு நாளும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் படகு என்றாள். கோபப்படாமல் பிடிவாதம் பிடிக்கிறவர்களை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. குவைத்தில் யாரோ ஒரு படகுக்காரனோடு அத்தைக்குப் பழக்கம் இருந்திருக்கிறது, அவன் பின்னாலேயே வரப்போகிறான், அதற்காகத்தான் இந்தப் படகு என்று அம்மா முடிவுக்கு வந்துவிட்டாள். மலையில் கொழுந்து பறிக்கும்போது அவளும் மற்றப் பெண்களும் சேர்ந்து அந்த ஆளுக்கு ஒரு உருவமே கொடுத்துவிட்டார்கள். உயரமானவனாம், மீசைக்காரனாம், கேரளாக்காரனாக இருக்கலாமாம். இரவில் அத்தைக்குப் பக்கத்தில் படுக்கிற என்னிடம் துப்புத் துலக்கும் வேலையை அம்மா ஒப்படைத்தாள்.

"தூக்கத்துல எதாச்சும் பேரு சொல்லுதா, பாரு."

அத்தை தூக்கத்தில் ஒரு முறை பேசினாள். பால் பொங்குகிறது, அடுப்பை அணை என்றாள். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு அது போதவில்லை.

ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நான்கு பேரும் படகு பார்க்கப் போனோம். பதுளையிலிருந்து பஸ். துன்ஹிந்தை தாண்டி இறங்க இறங்கக் காற்று சூடாகிக்கொண்டே வந்தது. அம்மா போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்தாள், பிறகு அதையே மடித்து விசிறியாக்கினாள். மகியங்கனையில் இறங்கி இன்னொரு பஸ். அதிலிருந்து இறங்கியபோது எதிரே குளம் கிடந்தது. நான் அதுவரை பார்த்த தண்ணீரெல்லாம் ஓடுகிற தண்ணீர். இது அசையாமல், மறுகரை எங்கோ தூரத்தில் தெரியக் கிடந்தது. தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன மரங்கள் கை விரித்து நின்றன. குளம் கட்டும்போது முழுகிப்போன காடு அது என்று அப்பா சொன்னார்.

முதலாளி ஒரு வயதான சிங்களவர். சாரமும் பனியனும், கழுத்தில் துவாய். தமிழ் நன்றாகவே பேசினார். கரையில் ஒரு மருத மரத்தடியில் இரண்டு படகுகளையும் கட்டிவைத்திருந்தார். இரண்டும் வெள்ளை, இரண்டிலும் பக்கவாட்டில் நீலக் கோடு. ஒரே நீளம், ஒரே மாதிரி எஞ்சின், ஒரே மாதிரி சுக்கான் சக்கரம், ஒரே மாதிரிச் சிவப்பு மெத்தை. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

"எனக்கு ரெண்டு மகன்," என்றார் முதலாளி. "சண்டை வரக் கூடாது என்று நீர்கொழும்பில் சொல்லி ஒரே மாதிரி செய்தது. சின்னவன் மட்டும் முன்னுக்குத் திறந்து வை என்று சொன்னான். இப்ப ஒருத்தன் இத்தாலியில், ஒருத்தன் கொழும்பில். எனக்கு ஒன்று போதும். எது வேணும் என்றாலும் எடுங்க, மற்றதை நான் வைத்துக்கொள்றேன்."

வித்தியாசம் அது ஒன்றுதான். ஒரு படகின் முன்பக்கம் மூடியிருந்தது. கண்ணாடிக்கு முன்னால் வழவழவென்று ஒரு மூடி, அதன் கீழே சாமான் வைக்க இடம். மற்றதில் அந்த மூடி இல்லை. நடுக் கண்ணாடியைச் சின்னக் கதவு போலத் திறந்து முன்னால் போகலாம். அங்கே மூக்கு வரைக்கும் வளைவாக மெத்தை போட்ட இருக்கை இருந்தது.

அப்பா வேலையைத் தொடங்கினார். லொறிக்காரர் இல்லையா. இரண்டு படகையும் கையால் தட்டிப் பார்த்தார். எஞ்சினைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார். விரலை எண்ணெயில் தொட்டு மூக்கில் வைத்தார். குனிந்து அடியைப் பார்த்தார். இதையெல்லாம் செய்த பிறகு, மூடின படகுதான் நல்லது என்றார். சாமான் நனையாது, காற்று முகத்தில் அடிக்காது, பார்வைக்கும் எடுப்பாக இருக்கிறது.

"மூடுனதுதான் நல்லது," என்று அம்மாவும் சொன்னாள். "தொறந்ததுல புள்ளைங்க முன்னால போய் எட்டிப் பாத்து விழுந்துருங்க. நம்மள்ல யாருக்கும் நீச்சல் தெரியாது."

அத்தை திறந்த படகின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு இதுதாண்ணே வேணும்."

"ஏன்?"

"புடிச்சிருக்கு."

"புடிச்சிருக்குன்னா என்னா அர்த்தம்? மழ பேஞ்சா முன்னால முழுக்கத் தண்ணி நிக்கும். அள்ளி ஊத்துறது யாரு?"

"நான் அள்ளுறேன்."

"வண்டி வாகனம் தெரிஞ்சவன் சொன்னா கேளு தங்கச்சி. இதுல எடம் வேஸ்ட்டு."

அத்தை அந்த விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அந்தப் படகுக்காரனின் படகும் முன்பக்கம் திறந்ததாக இருந்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

மூடின படகை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. முதலாளி அப்பாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய், எப்படித் திருப்புவது, எப்படி வேகம் குறைப்பது என்று காட்டினார். திரும்பி வந்ததும் அப்பா, இனி நானே ஓட்டுகிறேன் என்றார். அம்மாவுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டதும் அம்மா இரண்டு மடங்கானாள். ஏறும்போது முருகனைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கரைப் பக்கம் போக வேணாம் டிரைவர்," என்றார் முதலாளி. "தண்ணி குறைவு. கட்டை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது."

"மலையில ஓட்டுறவன் மாத்தயா நான்," என்றார் அப்பா.

அப்பாவும் அம்மாவும் போனதும் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு, கட்டிக்கிடந்த திறந்த படகில் ஏறினாள். கண்ணாடிக் கதவைத் திறந்து முன்னால் போய் உட்கார்ந்தோம். வெயிலில் மெத்தை சுட்டது. படகு லேசாக ஆடியது. தண்ணீரிலிருந்து பாசி வாசனையும் கொஞ்சம் பெற்றோல் வாசனையும் வந்தது. ஒரு நீர்க்காகம் பட்ட மரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.

அம்மா கொடுத்த வேலை எனக்கு ஞாபகம் வந்தது. நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"அத்த, குவைத்துல ஒங்களுக்குப் போட்டுக்காரர் யாரையாச்சும் தெரியுமா?"

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அண்ணி கேக்கச் சொன்னாங்களா?"

நான் மெத்தையின் தையலைப் பிடித்து நோண்டினேன்.

"போட்டுக்காரர் இருந்தாரு. எங்க மேடத்தோட புருசன். வயிறு இம்புட்டுப் பெருசு." கையால் காட்டினாள். "வெள்ளிக்கெழம வந்தா குடும்பத்தோட கடலுக்குப் போவாங்க. என்னையும் கூட்டிட்டுப் போவாங்க. புள்ளையப் பாத்துக்க ஆள் வேணும்ல. இதே மாதிரிப் போட்டுதான், இதவிடப் பெருசு. மேடமும் அவங்க தங்கச்சிமாரும் இங்க உக்காருவாங்க, இப்ப நாம உக்காந்திருக்கோம்ல, இந்த எடத்துல. நான் பின்னால, எஞ்சினுக்குப் பக்கத்துல கீழ உக்காருவேன். ஐஸ் பொட்டியும் நானும். மடியில கைப்புள்ள. பொக மொகத்துல அடிக்கும். பின்பக்கம் பாத்துத்தான் உக்காரணும், இல்லாட்டிப் புள்ள மேல தண்ணி தெறிக்கும்."

நீர்க்காகம் பறந்துபோனது. அத்தை அதைக் கண்ணால் தொடர்ந்தாள்.

"இத்தன வருசம் கடலுக்குப் போயிருக்கேன் பாப்பா. தாண்டி வந்த எடத்தத்தான் பாத்திருக்கேன். போற எடத்த ஒரு நாளும் பாத்ததில்ல."

"ஒங்களத் திட்டுவாங்களா?"

"சேச்சே. நல்ல மனுசங்க. சோறு போட்டாங்க, சம்பளம் குடுத்தாங்க, வரும்போது மேடம் அழுதாங்க. என்னைய முன்னால உக்காரச் சொல்லணும்னு அவங்களுக்குத் தோணல. அவ்வளவுதான். நானும் கேக்கல."

அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. படகுக்காரன் இல்லை என்று தெரிந்ததில் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இன்றைக்கு நினைத்தால்தான் ஒன்று உறைக்கிறது. ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டோம், தங்கத்தைப் பற்றிக் கேட்டோம், அங்கே நீ எங்கே உட்கார்ந்தாய் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் மாறிவிட்டாள், திமிர் வந்துவிட்டது, யாரோ மனதைக் கெடுத்துவிட்டான் என்று பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டடி அகலமான ஒரு இருக்கை.

தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றது. அடுத்து அம்மாவின் குரல் வந்தது. குளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும், எதிரொலியோடு, தெளிவாக வந்தது. முருகனில் தொடங்கி, அப்பாவின் குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரையும் தொட்டுக்கொண்டு போனது.

"கட்டை," என்றார் முதலாளி, பீடியைக் கீழே போட்டுக்கொண்டே. அவருக்கு அவசரமே இல்லை.

எங்கள் மூன்று பேருக்கும் அந்தத் திறந்த படகுதான். முதலாளி சக்கரத்தைப் பிடித்தார். நானும் அத்தையும் முன்னால் இருந்தோம். படகு வேகம் எடுத்ததும் மூக்கு மேலே எழும்பியது. பின்னால் இருந்த முதலாளிக்கு முன்னால் இருப்பது தெரியாமல் போனது.

"நங்கி, பார்த்துச் சொல்லு," என்றார். தங்கச்சி என்று கூப்பிடுகிற மாதிரி.

அத்தை முன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். காற்றில் சேலைத் தலைப்பு என் முகத்தில் அடித்தது. அதை விலக்கி விலக்கிப் பார்த்தேன். தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கறுப்புக் கறுப்பாக மரக்கட்டைகள் வந்துகொண்டிருந்தன. அத்தை வலது கையைத் தூக்கினாள், படகு வலப்பக்கம் வளைந்தது. இடது கையைத் தூக்கினாள், இடப்பக்கம் வளைந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நேராகப் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்று தோன்றியது. எதிரே விரிந்துகொண்டே வந்த தண்ணீரையும் அதற்குப் பின்னால் நீலமாக நின்ற மலைகளையும் பார்த்தாள். நல்லவேளை, முதலாளி வேகத்தைக் குறைத்துவிட்டார்.

அப்பா ஒரு மரக்கட்டையின் மேல் படகை ஏற்றி வைத்திருந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்து, கல்லில் ஏறிய ஆமை மாதிரி இருந்தது. அம்மா சண்டையை முடித்துவிட்டு, அந்த ஆரஞ்சுச் சட்டையோடு விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அப்பா நாங்கள் வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கயிறு போட்டு இழுத்ததும் படகு ஒரு முனகலோடு இறங்கியது. நீலக் கோட்டுக்குக் கீழே நீளமாக ஒரு கீறல்.

அப்பா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். முதலாளி கீறலைக் கையால் தடவிப் பார்த்தார்.

"பரவாயில்லை டிரைவர். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தது. இப்ப அடையாளம் இருக்கிறது."

கரைக்கு வந்ததும் அப்பா பெரிய குரலில் தீர்ப்பைச் சொன்னார். "தொறந்ததத்தான் எடுக்கணும். முன்னால ஒரு ஆளு உக்காந்து கட்டையப் பாத்துச் சொன்னாத்தான் இந்தக் கொளத்துல ஓட்ட முடியும். மூடுன போட்டு கடலுக்குத்தான் சரி. நான் ஓட்டிப் பாத்துட்டேன், இனி யாரும் எனக்குச் சொல்ல வேணாம்."

யாரும் சொல்லவில்லை. அம்மா மண்ணில் உட்கார்ந்து, கால் தரையில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டிருந்தாள். அத்தை, "சரிண்ணே," என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும்போது மீகஹகிவுலையில் பஸ் நின்றது. அம்மாவும் அத்தையும் சீட்டில் தூங்கிவிட்டார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கி, கடையில் எனக்கு ஒரு பணிஸும் அவருக்கு ஒரு பிளேன்டீயும் வாங்கினார். எனக்கு அடக்க முடியவில்லை.

"அப்பா, அத்தைக்குக் கட்டையெல்லாம் ஒரு காரணமே இல்ல. அவங்க முன்னால உக்காரணும்னுதான்..."

"தெரியும்," என்றார் அப்பா.

"அத்த சொன்னாங்களா?"

"சொல்லணுமா? அவ முன்னால நின்னுக்கிட்டு வந்தாள்ல. சின்னப் புள்ளையில லொறி பெட்டியில ஏத்திட்டுப் போனா அப்பிடித்தான் நிப்பா." பிளேன்டீயை ஊதிக் குடித்தார். "ஒங்கம்மாகிட்ட கட்டைன்னே இருக்கட்டும். புடிச்சிருக்குன்னு சொன்னா அவ ஒத்துக்க மாட்டா. கட்டைன்னா ஒத்துக்குவா."

மழை வந்து குளம் நிறையும் வரை படகில் ஆள் ஏற்றி ஓட்ட முடியாது என்பதால், அதை மெத்தை மாற்றிப் பெயின்ட் அடிக்கத் தோட்டத்துக்கே கொண்டுவந்தார்கள். தோட்டத்துத் தொரையிடம் லொறி கேட்கும்போது, எதற்கு என்று அவர் கேட்டாராம். போட்டு ஏற்ற என்று அப்பா சொன்னதும், இன்னொரு முறை கேட்டாராம். படகைக் கட்டின லொறி வளைவு வளைவாக ஏறி வந்தபோது, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கூடையோடு ரோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். அன்று கங்காணி கத்தியது யார் காதிலும் விழவில்லை.

கோயிலுக்குப் பக்கத்து வெட்டவெளியில் இரண்டு மரக்குற்றிகளின் மேல் படகு உட்கார்ந்தது. அந்த மாதங்களில் நாங்கள் பிள்ளைகள் வேறு எதுவும் விளையாடவில்லை. பின்னேரங்களில் பனி இறங்கிப் படகைச் சுற்றி நிரம்பும். அப்போது அதில் ஏறி உட்கார்ந்தால் உண்மையாகவே போகிற மாதிரி இருக்கும். இந்தியாவுக்குப் போனோம், குவைத்துக்குப் போனோம், கணக்கப்பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கொய்யா பறித்துக்கொண்டு வந்தோம். பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. காலையில் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிற வழியில் பெண்கள் ஒரு நிமிஷம் ஏறி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் தொரையே வந்து உட்கார்ந்தார். எழுந்திருக்க மனமில்லாமல் சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

படகுக்குப் பூசை போட்ட நாள்தான் வேடிக்கை. புது வாகனம் என்றால் சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்க வேண்டும். பூசாரி நான்கு தேசிக்காயோடு படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மறுபடியும் ஒரு சுற்று வந்தார்.

"இதுக்கு டயரு எங்க?" என்றார்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் படகை லொறியில் ஏற்றி, லொறியின் டயர்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். மேலே இருக்கிற படகுக்கும் அது சேரும் என்று பூசாரி சொன்னார். அப்பா லொறியை முன்னால் நகர்த்த, நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கின. எல்லாருக்கும் சந்தோஷம்.

அதன் பிறகு அந்தப் படகு குளத்தில் பல வருடங்கள் ஓடியது. அத்தையே ஓட்டினாள். பெண் ஓட்டுகிறாள் என்று முதலில் ஏறத் தயங்கியவர்கள், பிறகு அந்த அக்காவின் படகுதான் வேண்டும் என்று காத்திருந்தார்கள். முதலாளியும் அவளும் கரையில் பக்கத்துப் பக்கத்தில் படகைக் கட்டிக்கொண்டு, ஆள் அதிகமானால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள். அம்மா கொழுந்து வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சோறும் மீன் குழம்பும் விற்றாள். குளத்து மீனைச் சுத்தம் செய்வதில் அவளை அடிக்க ஆள் இல்லை, ஆனால் கடைசிவரை தண்ணீரில் கால் வைக்கவில்லை. மீசைக்காரனைப் பற்றின பேச்சு மட்டும் லயத்தில் வெகுகாலம் இருந்தது. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. இப்போது அவளுக்கு வயதாகிவிட்டது, குளத்தங்கரையிலேயே இருக்கிறாள். படகு என்ன ஆனது என்று கேட்டால், ஒரு வெள்ளத்தில் போனது என்கிறாள். அதற்குப் பிறகு வேறு படகுகள் வந்தன. எனக்கு அவற்றின் நிறம்கூட நினைவில்லை.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அந்தப் படகை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கியது மட்டும் நேற்றுப்போல் இருக்கிறது. லயத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். குளம் நிரம்பி, பட்ட மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. வெள்ளைப் பெயின்ட்டின் வாசனை இன்னும் போகவில்லை. முதல் சுற்றுக்கு நாங்கள் மட்டும்தான். அம்மா கரையிலிருந்து தேங்காய் உடைத்தாள். அப்பா சக்கரத்தைப் பிடித்தார், அத்தை முன்னால் உட்கார்ந்தாள், நான் நடுவில்.

அத்தை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, குளத்தின் நடு வரைக்கும் அப்படியே வந்தாள். அவளுடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தலைமுடி காற்றில் கலைந்துபோனது, அவள் அதை ஒதுக்கவில்லை. அப்பா வழக்கத்துக்கு மாறாக, தண்ணீர் தெறிக்காத மாதிரி மெதுவாக ஓட்டினார்.

நடுக் குளத்தில் அவள் எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து பின்னால் வந்தாள்.

"எந்திரிங்கண்ணே."

"ஏன்?"

"நீங்க போய் முன்னால உக்காருங்க. நான் ஓட்டுறேன்."

"ஒனக்குத் தெரியாது தங்கச்சி."

"மொதலாளிகிட்ட மூணு நாள் பழகிட்டேன். எந்திரிங்க. நீங்களும் ஒரு நாளாச்சும் சும்மா உக்காந்து வாங்க."

அப்பாவின் கை சக்கரத்தை விடவில்லை. தோட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து கல்யாணத்துக்கு, சாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். அவரைச் சும்மா உட்கார்ந்து வரச் சொன்னவர்கள் யாரும் இல்லை. சக்கரத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, குனிந்து கதவு வழியாகப் போய், விளிம்பில் பாதி மட்டும் படுகிற மாதிரி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், நெஞ்சில் கட்டினார், திரும்ப முழங்காலில் வைத்தார். நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அத்தை வேகத்தைக் கூட்டினாள். மூக்கு எழும்பியது. சாரல் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அப்பா துடைத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தார். பிறகு நன்றாகவே சாய்ந்து உட்கார்ந்தார். காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மலைகளைப் பார்த்து, தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

கரை நெருங்கியது. கைதட்டிக்கொண்டு நின்ற கூட்டத்தின் முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அப்போது கீழே பார்த்தேன். அப்பாவின் வலது கால் பலகையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது, அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி. நான் பின்னால் திரும்பி அத்தையிடம் அந்தக் காலைக் காட்டினேன். அவளும் பார்த்தாள். கரையில் நின்றவர்கள் கூவ, சக்கரத்தை நிதானமாக ஒடித்துத் திருப்பி, எங்களை இன்னொரு சுற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.